அயிலை மீனில் முதுகெலும்பைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

எலும்பு இருந்தால் முதுகெலும்பி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் சுறாவில் மாட்டிக்கொள்வோம். அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் குருத்தெலும்புதான். ஆனாலும் அது முதுகெலும்பி. பார்க்கவேண்டியது இரண்டு: மூளையைப் பொதிந்த மண்டையோடு, முதுகுப்பக்கம் ஓடும் தண்டுவடத்தைச் சுற்றிக் கண்ணி கண்ணியாக முள்ளெலும்புகள்.

இதற்கு 200 கிராம் அயிலை (கானாங்கெளுத்தி) ஒன்று போதும். மத்தி மீனில் முள் மெல்லியது, கையில் நிற்காது.

வயிற்றைக் கீறிக் குடலை எடுங்கள். முதுகெலும்பின் அடியில் கருஞ்சிவப்புப் பட்டை ஒன்று தெரியும். ரத்தக்கட்டி என்று சமையலில் சுரண்டி எறிகிறோமே, அது மீனின் சிறுநீரகம்.

கொதி அடங்கிய சுடுநீரில், சிறுதீயில் 6-7 நிமிடம் வையுங்கள். அதிகம் வெந்தால் எலும்புகளைப் பிணைக்கும் நார் கரைந்து எல்லாம் உதிர்ந்துவிடும். சதையை விரலால் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய டூத் பிரஷால் தலையிலிருந்து வால் நோக்கித் தேயுங்கள். முட்கள் வால்பக்கம் சாய்ந்திருப்பதால் எதிர்த்துத் தேய்த்தால் ஒடியும்.

இப்போது எண்ணுங்கள். வால்துடுப்பைத் தாங்கும் கடைசிக் கண்ணியோடு 31 வரவேண்டும். ஒன்று குறைந்தால் மண்டையோட்டை ஒட்டிய முதல் கண்ணியைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் விட்டுப்போயிருக்கும்.

நடுவில் ஒரு கண்ணியைக் கழற்றுங்கள். இரு முகமும் குழிந்திருக்கும். குழிகளுக்கிடையே இருக்கும் வழவழப்பு, முதுகெலும்புக்கு முன்பே கருவில் உருவான முதுகுநாண் என்ற மெல்லிய தண்டின் மிச்சம். மேலே சிறு வளைவு. அதனுள் வெள்ளை நூலாகத் தெரிவதே தண்டுவடம். ஈர்க்கு நுனியால் தள்ளினால் வெளியே வரும். வால்பகுதிக் கண்ணிகளில் கீழேயும் ஒரு வளைவு உண்டு, அது ரத்தக் குழாய்களுக்கான வழி.

அடுத்து ஓர் இறாலை எடுங்கள். முதுகில் ஓடும் கறுப்புக் கோடு நரம்பல்ல, குடல். அதன் நரம்புவடம் வயிற்றுப்பக்கம் ஓடுகிறது, அதைக் காக்கத் தனி எலும்பும் இல்லை. கணவாயில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஊசிக்கணவாயின் முதுகிலிருந்து உருவினால் கண்ணாடி போன்ற தகடு வருகிறது. ஓட்டுக்கணவாயில் அதுவே வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது. இரண்டிலும் கண்ணி கிடையாது, தண்டுவடம் போகத் துளையும் கிடையாது. உள்ளே போய்விட்ட சிப்பி ஓடு அது. கணவாய் நத்தையின் இனம்.