நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை: முதல் முறை போகிறவர்கள் மலை, கடல், காடு பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

டெல்டாக்காரர்களுக்கு இலங்கை தூர தேசம் இல்லை. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறை கடல்வழியாகச் சுமார் 110 கிலோமீட்டர்தான். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த பயணிகள் கப்பல் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் விடுகிறது. இவ்வளவு பக்கம் என்பதாலேயே முதல் முறை போகிறவர்கள் யாழ்ப்பாணம், கண்டி, நுவரெலியா, யால, மிரிஸ்ஸ என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடுக்கிவிடுகிறார்கள். பாதிப் பொழுது வேனிலும் மீதிப் பொழுது மழைக்கு ஒதுங்குவதிலும் போய்விடும்.

என் யோசனை இதுதான்: தீவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு பாதி போதும். எப்படிப் பிரிப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 1: இடத்துக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள்

இலங்கைக்கு இரண்டு மழைக்காலங்கள். மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையையும் தென்மேற்கையும் மலையகத்தின் மேற்குச் சரிவையும் நனைக்கும். வடக்கும் கிழக்கும் அப்போது காய்ந்து கிடக்கும், கடலும் கிழக்கில் அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு இது தலைகீழ். நமக்கு அடைமழை கொட்டும் நாட்களில் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் அதே மழைதான்.

இதை நினைவில் வைக்க நம் ஆற்றையே பார்த்தால் போதும். ஆடியில் காவிரி நிறைந்து ஓடுகிறதென்றால் குடகில் தென்மேற்குக் காற்று மழையைக் கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதே காற்றுதான் அட்டன், நுவரெலியா பக்கமும் மழை கொண்டுவருகிறது. ஆகவே ஆற்றில் புதுவெள்ளம் வரும் காலத்தில் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பக்கம் போங்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காயும் மாசி, பங்குனியில் மலையகம் போங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்து தானாக வந்துவிடும்.

படி 2: பாஸ்போர்ட், விசா, போகும் வழி

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கட்டும். இலங்கை குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே மின்னணுப் பயண அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன, முகவரியை ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். இந்தியர்களுக்கான கட்டண விதி அவ்வப்போது மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் கட்டியதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

வடகிழக்குப் பயணத்துக்குக் கப்பல். மலையகப் பயணத்துக்குத் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம், சுமார் ஒரு மணி நேரம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் கார்த்திகை, மார்கழியில் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள். மற்ற மாதங்களிலும் வாரத்தில் எந்தெந்த நாள் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்தில் லீவு சொல்ல வேண்டும்.

படி 3: முதல் பயணம், வடக்கும் கிழக்கும் (வைகாசி முதல் ஆவணி வரை)

காங்கேசன்துறையில் இறங்கியதும் யாழ்ப்பாண நகரத்தில் தங்கிவிடுங்கள். மறுநாளை முழுதாக நெடுந்தீவுக்குக் கொடுங்கள். பலர் நயினாதீவு அம்மன் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள், அது எனக்கு மனசு கேட்காத விஷயம். இரண்டு தீவுகளுக்கும் படகு குறிகாட்டுவான் துறையிலிருந்துதான். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலைப் படகைப் பிடியுங்கள். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீவைச் சுற்ற ஆட்டோவோ வாடகைச் சைக்கிளோ கிடைக்கும்.

அங்கே என்ன இருக்கிறது? வேலி எல்லாம் பவளக்கல். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய நீண்ட மதில்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஒன்று, அதன் அடிப்பொந்துக்குள் ஆட்கள் நிற்கலாம். பழைய கோட்டையின் இடிபாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழியில் வந்த குதிரைகள், பொட்டல் வெளியில் கூட்டமாக மேய்கின்றன. கோடியக்கரைக் காட்டில் மட்டக்குதிரைகளைப் பார்த்த வேதாரண்யத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி இன்னும் நெருக்கமாக இருக்கும். நிழல் குறைவு, நல்ல தண்ணீரும் அரிது. தொப்பியும் போதுமான குடிநீரும் எடுத்துப் போங்கள். குதிரைகளுக்குப் பக்கத்தில் போய்த் தீனி நீட்ட வேண்டாம்.

அடுத்தது திருகோணமலை. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகப் பஸ், கிட்டத்தட்ட ஒரு பகல் பொழுது ஆகும். நிலாவெளியில் தங்கினால் எதிரே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத்தீவு தெரியும். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் சீட்டு வாங்கி, படகில் போய், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேலே மிதந்தபடி பார்ப்பதுதான் இங்கே வேலை. ஆழம் இல்லாத தண்ணீரிலேயே வண்ண மீன்களும் சிறிய கருமுனைச் சுறாக்களும் சுற்றும். அந்தச் சுறாக்கள் பொதுவாக ஆட்களிடமிருந்து விலகிப் போய்விடும்.

நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது. வாய்க்காலில் குதித்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் கடல் வேறு என்பதைச் சொல்லி வையுங்கள். இன்னொன்று, பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அது உயிர். ஒரு மிதியில் உடைவது மறுபடி வளர வருடக்கணக்காகும்.

மாலையில் கோணேசர் மலை ஏறுங்கள். ஏற்றம் ஒன்றும் பெரிதில்லை. வழியில் கோட்டைக்குள் மான்கள் திரியும், உச்சியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குக் கீழே பாறை கடலுக்குள் செங்குத்தாக இறங்கும். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கடலில் கலப்பதும் இந்தக் கரையோரத்தில்தான், கொட்டியார் குடாவில்.

அங்கிருந்து ஹபரணைக்கு வந்து தங்கினால் மூன்று இடங்கள் கைக்கெட்டும் தூரம். சிகிரியாப் பாறைக்குச் சுமார் 1,200 படி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் கோட்டை கட்டிய இடம். காலையில் கதவு திறந்ததும் ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும். குளவிக் கூடு உண்டு என்ற பலகையைப் பார்த்தால் சத்தம் போடாமல் நகருங்கள்.

மின்னேரியா எனக்கு இதைவிடப் பிடித்தது. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேனன் என்ற மன்னன் வெட்டிய ஏரி அது. ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்ற வற்ற, வெளிப்பட்ட ஏரிப்படுகையில் புல் முளைக்கும். சுற்றுக் காடுகளின் யானைகள் குட்டிகளோடு அந்தப் புல்லுக்காகக் கூடும். ஆகஸ்ட், செப்டம்பர் மாலை நேரத்து ஜீப் சவாரிதான் சரியான நேரம். யானைக்கு மிக நெருக்கமாக ஓட்டச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள்.

மூன்றாவது பொலன்னறுவை. வாடகைச் சைக்கிளில் மரநிழலிலேயே பழைய நகரத்தைச் சுற்றலாம். சோழர்கள் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட ஊர். வானவன் மாதேவி ஈச்சரம் என்ற அவர்கள் காலத்துக் கற்றளி (கல்லாலான கோயில்) இன்றும் முழுதாக நிற்கிறது. தஞ்சையிலிருந்து போகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் வர முடியாது.

படி 4: இரண்டாம் பயணம், மலையகம் (மாசி, பங்குனி)

கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாகவே பார்த்துப் பழகிய நமக்கு இதுதான் பெரிய மாறுதல். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம், அப்போது இரவு முழுக்கப் பாதையில் விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். நல்லதண்ணி ஊரிலிருந்து ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் கிளம்பினால் சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்கலாம். உச்சியில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு ஏறி, மேலே போனதும் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம், ஊன்றுகோல் எடுத்துப் போங்கள்.

நுவரெலியாவில் தங்கி, விடிவதற்கு முன்பே ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படுங்கள். சுமார் 9 கிலோமீட்டர் வட்டப் பாதை. நடுவில் உலக முடிவு என்ற விளிம்பில் பாறை ஏறக்குறைய 870 மீட்டர் கீழே இறங்குகிறது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும், அதனால்தான் அவசரம். வாசலில் பையைச் சோதித்துப் பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுவார்கள். திருகோணமலையில் கடலோடு சேரும் மகாவலிக்குத் தண்ணீர் தரும் ஓடைகள் சில இந்தப் புல்வெளியில்தான் பிறக்கின்றன.

கண்டியிலிருந்து எல்ல என்ற மலையூர் வரையிலான ரயிலையும் 1921-இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தையும் எல்லோரும் கேட்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் நம் டெல்டா வயல்களையும் மூழ்கடித்த டிட்வா புயல், அங்கே பெரும் நிலச்சரிவுகளை உண்டாக்கி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. ரயில் பாதையும் பலமாகச் சேதமானது. எந்தப் பகுதி ஓடுகிறது என்று இலங்கை ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிட்டே சீட்டு போடுங்கள். மலைப்பாதைகளுக்கும் அதுவே விதி, தங்குமிடத்தில் உள்ளூர்க்காரரிடம் விசாரிக்காமல் நடக்கக் கிளம்ப வேண்டாம்.

படி 5: பணமும் பழக்கமும்

சிகிரியா போன்ற இடங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டால்தான் கிடைக்கும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது அங்கே பெரிய அவமதிப்பு. சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், வடக்கில் புட்டும் சொதியும், மற்ற இடங்களில் சோறும் கறியும் தாராளமாகக் கிடைக்கும்.

கப்பலில் திரும்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே யாழ்ப்பாணம் வந்துவிடுங்கள். காற்று கூடிக் கப்பல் நின்றால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து விமானம் பார்க்க நேரம் இருக்கும். நிற்காவிட்டால் அந்த நாளைக் காரைநகர் கசூரினா கடற்கரைக்குக் கொடுங்கள். அங்கே தண்ணீர் வெகுதூரம் வரை இடுப்பளவுதான், குழந்தைகளும் பெரியவர்களோடு இறங்கிக் குளிக்கலாம்.