பறவைகள் தங்கும் பழைய ஏரிக்கரை: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் பறவைச் சரணாலயங்கள் எல்லாமே பாசனத்துக்காக மண்கரை போட்ட ஏரிகள்தான். இத்தகைய ஏரிகளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கரையையும் நீர்ப்பரப்பையும் ஒன்றாகப் பார்ப்பதால் வருகின்றன. கரையில் புல் மட்டும் போதும். மரம் நிற்க வேண்டியது உள்ளே.

நடப்பதோ தலைகீழ். கரைமேல் மரக்கன்று நடும் விழா. உள்ளே பறவை கூடு கட்டும் நீர்க்கடம்பையும் கருவேலத்தையும் தூர்வாரும் சாக்கில் பிடுங்குவது. கரைமரம் புயலில் சாய்ந்தால் வேரோடு மண்ணும் பெயரும். ஏற்கெனவே பெரிதாகிவிட்ட மரத்தை வெட்டி, அடிமரத்தை அப்படியே விடுவதும் தவறு. சில ஆண்டுகளில் வேர் மக்கி, தண்ணீர் புக வழி கிடைத்துவிடும். ஏரி வற்றியிருக்கும்போது வேரைத் தோண்டி எடுத்து, 15 செ.மீ. அடுக்குகளாக ஈரமண் போட்டு இடிக்க வேண்டும். ஜேசிபியால் மொத்தமாகக் கொட்டி மேலே தட்டிவிட்டுப் போனால் முதல் மழைக்கே உள்வாங்கும். பழைய சரிவில் புல்லைச் செதுக்கி, படிப்படியாக வெட்டிய பிறகே புதுமண் போட வேண்டும். இல்லாவிட்டால் அது ஒட்டாமல் வழுக்கிவிடும்.

அந்த மண்ணைக் கரையடியிலேயே தோண்டி எடுக்காதீர்கள். கரை உயரத்தைப்போல் ஐந்து மடங்காவது தள்ளிப் போங்கள். அங்கும் மணல் தெரியும்வரை தோண்டினால், அடியில் தண்ணீரைத் தாங்கும் களிப்படலம் கிழிந்துவிடும். இலைதழை கலந்த வண்டல் வயலுக்கு உரம், கரைக்கு ஆகாது.

வெளிச்சரிவின் அடியில் கசிவு கண்டதும் களிமண்ணால் அடைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு. உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் வேறிடத்தில் பீறிடும். தெளிவாகக் கசிந்தால் அளவைக் குறித்துக் கண்காணியுங்கள். கலங்கலாக வந்தால் கரையின் மண் அரித்துப் போகிறது என்று பொருள். அதன்மேல் முதலில் பருமணல், பிறகு சிறு ஜல்லி, கடைசியில் பெரிய ஜல்லி பரப்பினால் தண்ணீர் வெளியேறும், மண் தங்கும். கூடவே நீர்வளத்துறைக்கு உடனே சொல்லுங்கள். இந்த மணல், ஜல்லி அடுக்கு தற்காலிக ஏற்பாடுதான். மதகுக் குழாயை ஒட்டி வரும் கசிவை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

உபரிநீர் வழியும் கலிங்கில் மணல்மூட்டை அடுக்கி ஓரடி கூடுதலாகத் தேக்குவதும், மீனுக்காக வலை கட்டுவதும் பல ஊர்களில் வழக்கம். வலையில் ஆகாயத்தாமரை சிக்கினால் கலிங்கே அடைபடும். மண்கரைமேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் காப்பாற்ற நேரம் கிடைக்காது.

மதகைத் திடீரென முழுதாகத் திறந்தாலும் கேடுதான். நீர்மட்டம் சட்டென இறங்க, ஊறிய உட்சரிவு சரியும். மரத்தடியில் தண்ணீர் வற்றினால் நாய் மரத்தடிவரையும் பூனை கூடுவரையும் போகும். பறவைகள் குஞ்சுகளை விட்டுப் போய்விடவும் கூடும். எலி வளை, நண்டு வளை அடைப்பது உட்பட எல்லா வேலைகளையும் கடைசிக் குஞ்சு பறந்த பிறகு தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.