உமய்யாக்களையும் அப்பாஸியர்களையும் கம்பேர் பண்றப்ப செய்யக்கூடாத தப்புகள்

உமய்யா, அப்பாஸியர் ரெண்டுமே இஸ்லாமிய சாம்ராஜ்யத்த அடுத்தடுத்து ஆண்ட கலீஃபா (முஸ்லிம்களோட தலைவரா இருந்த ஆட்சியாளர்) வம்சங்கள். உமய்யான்னா அரபு ஆட்சி, அப்பாஸியர்னா பாரசீக பாணி ஆட்சினு ரெண்டு கட்டமா கோடு போட்டு எழுதி முடிச்சிடுறாங்க, இதப் பாக்கும்போதெல்லாம் வருத்தமா இருக்கும், ஏன்னா 661ல இருந்து 750 வரைக்கும் இருந்த உமய்யா ஆட்சிக்குள்ளயே நிர்வாகம் தலைகீழா மாறியிருக்கு.

முதல் உமய்யா கலீஃபா முஆவியா டமாஸ்கஸ்ல ஆண்டப்ப சிரியாவுல வரிக்கணக்கு கிரேக்கத்துல, ஈராக்ல பஹ்லவில, அதாவது பழைய பாரசீக மொழில. வரி நிர்வாகத்த கவனிச்ச சர்ஜூன் ஒரு கிறிஸ்தவர். அப்ப கிழக்குல அடிச்ச வெள்ளிக்காச பாருங்க, இஸ்லாத்துக்கு முன்னாடி பாரசீகத்த ஆண்ட சாசானிய ராஜா தலை, கிரீடம், மறுபக்கம் நெருப்புப் பீடம் எல்லாம் அப்படியே இருக்கும், ஓரத்துல மட்டும் அரபில 'பிஸ்மில்லாஹ்'. பின்னாடி வந்த உமய்யா கலீஃபா அப்துல் மலிக் காலத்துல, ஹிஜ்ரி 77ல (696-97) வந்த தங்க தினார்லதான் உருவமே இல்லாம வெறும் எழுத்து. திவான், அதாவது அரசு அலுவலகக் கணக்கும் கொஞ்சம் கொஞ்சமா அரபுக்கு மாறுச்சு. அதுக்கப்புறமும் எகிப்து கவர்னர் குர்ரா இப்னு ஷரீக் (709-714), அஃப்ரோதிதோ ஊர் அதிகாரி பாசிலுக்கு வரி ஏன் இன்னும் வரலனு கிரேக்கத்துலயும் லெட்டர் போட்டிருக்கார், அந்த பாப்பிரஸ் இன்னைக்கும் இருக்கு. அதனால 'உமய்யா நிர்வாகம்'னு எழுதுறதுக்கு முன்னாடி எந்த வருஷம், எந்த மாகாணம்னு சொல்லிடுங்க.

அடுத்தது, சட்டத்த மட்டும் படிச்சுட்டு நடைமுறையும் அதுதான்னு நம்புறது. இஸ்லாத்துக்கு வந்தவங்களுக்கு ஜிஸ்யா (முஸ்லிம் அல்லாதவங்க கட்டுற தலைவரி) கிடையாதுங்கறது விதி, ஆனா ஈராக்ல உமய்யா கவர்னர் ஹஜ்ஜாஜ் அப்படி வந்த விவசாயிங்கள ஊருக்கே திருப்பி அனுப்பி பழைய வரியவே கட்ட வச்சார், உமய்யா கலீஃபா ரெண்டாம் உமர் (717-720) இத சரி பண்ணப் பாத்தார்.

அப்பாஸியர் 1258 வரைக்கும் மொத்த சாம்ராஜ்யத்தையும் ஆண்டாங்கன்னும் எழுதாதீங்க ப்ளீஸ். 756லயே ஸ்பெயின்ல இருக்கற கோர்டோபா தனியா போயாச்சு. 800ல அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீத், வருஷம் 40,000 தினார் அனுப்புறேன்னு சொன்ன இப்ராஹீம் இப்னு அல்-அக்லப் கையில இஃப்ரீகியாவ, அதாவது இன்னைக்கு துனிசியா பக்கத்த, கொடுத்துட்டார். 945ல ஈரான் பக்கத்து வம்சமான புவைஹிக்கள் அப்பாஸியரோட தலைநகர் பாக்தாத்துக்குள்ளயே வந்துட்டாங்க, கலீஃபா பேருக்குத்தான்.

கலீஃபாவ, மதக் கொள்கைல கடைசி முடிவு சொல்ற போப் மாதிரி நினைக்கிறதும் தப்பு. 833ல அப்பாஸிய கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதுனு எல்லாரும் ஒத்துக்கணும்னு விசாரணை வச்சார், மார்க்க அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பல் மாட்டேன்னுட்டார், அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்துல சவுக்கடி வாங்கியும் மாறல, கடைசில பின்னாடி வந்த கலீஃபா முதவக்கில் அந்த விசாரணையவே கைவிட்டார்.