பழைய மஸ்டாங்கும் இ20 பெட்ரோலும்

அறுபதுகளின் வி8 ஃபோர்டு மஸ்டாங் காரை மதுரையில் ஓட்ட நினைப்பவர்கள் பெயின்டுக்கு முன்னால் பெட்ரோல் லைனைப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி, பிசுபிசுத்து, வெடிப்பு விடும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே கசிந்தால் வண்டி தீப்பிடிக்கலாம். ஆகவே ஒரு துண்டு விடாமல் எல்லா ஹோஸையும் மாற்றுங்கள். ஹோஸின் மேல் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' (SAE J30R9) என்ற எத்தனால் தாங்கும் ஹோஸின் தர முத்திரை இருக்கட்டும். கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கும்போது அதிலுள்ள பம்ப் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

டேங்கில் பல வருடம் படிந்த கசடை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். அதனால் சீக்கிரமே ஃபில்டர் அடைக்கலாம், கையில் இன்னொன்று இருக்கட்டும்.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும், அதாவது காற்றுக்குத் தேவையான அளவு பெட்ரோல் இருக்காது. ஹோலி (Holley) கம்பெனி கார்புரேட்டர் என்றால் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள திருகை, இரண்டு எண் பெரியதாக மாற்றிப் பாருங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை ஒரே சீராக ஓட்டி, ஓரமாக நிறுத்தி, ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் நுனியிலுள்ள பீங்கான் வெள்ளையாக இருந்தால் இன்னும் மெலிவு; இளம் பழுப்பு சரி.

சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் நெரிசலில் நின்று நின்று போனால் பெட்ரோல் லைனிலும் கார்புரேட்டரிலும் ஆவியாகி இன்ஜின் அணையும். கார்புரேட்டருக்கு அடியில் இன்ஜின் சூடு ஏறாமல் தடுக்க அரை அங்குல ஃபினாலிக் ஸ்பேசர் (சூடு கடத்தாத தட்டை) வையுங்கள். பானெட் இடிக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.