விவாகரத்து வழக்கில் சொத்து ஆணை மீறப்பட்டால் செய்ய வேண்டியவை

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, வீட்டை விற்கக் கூடாது என்றோ நகைகளை ஒப்படைக்க வேண்டும் என்றோ குடும்ப நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை எதிர்த்தரப்பு மதிக்காமல் போனால், "உடனே கன்டெம்ப்ட் (நீதிமன்ற அவமதிப்பு மனு) போடுங்கள்" என்பதே பெரும்பாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை. அது தவறான அறிவுரை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அரைகுறையானது. ஆணை எந்தச் சொற்களில் எழுதப்பட்டது, அது எதிர்த்தரப்பின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, மீறலை எந்த நீதிமன்றத்தில் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் எழுப்புகிறோம் என்ற மூன்றுமே அவமதிப்பு மனுவின் விதியைப் பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு நடத்துவோரை மனத்தில் வைத்து இந்த மூன்றையும் இங்கே விளக்குகிறேன்.

கணவன் மனைவியின் சொத்துகளை மணமுறிவின்போது சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கும் சட்டம், கோவாவைத் தவிர, இந்தியாவில் பொதுவாக இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, திருமணத்தின்போதோ அதையொட்டியோ வழங்கப்பட்டு இருவருக்கும் கூட்டாகச் சொந்தமான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்றபடி கணவன் மனைவிக்கு இடையேயான சொத்து வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 7-ஆம் பிரிவின் மூலம் குடும்ப நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. அதனால் ஒரே தம்பதியின் சண்டையில் தடையாணை, பாகப்பிரிவினைத் தீர்ப்பு, ஜீவனாம்ச ஆணை, சமரச உறுதிமொழி, குடும்ப வன்முறைச் சட்டப்படி குற்றவியல் நடுவர் பிறப்பித்த பாதுகாப்பு ஆணை எனப் பலவகை ஆணைகள் குவிந்துகிடக்கலாம். ஒவ்வொன்றின் மீறலுக்கும் வழி வேறு.

ஆணையை வாங்கும்போதே

"சொத்துகளை வில்லங்கப்படுத்தக் கூடாது" என்று மட்டும் ஒரு தடையாணை இருந்தால், அது பார்க்கக் கடுமையாகத் தோன்றினாலும் பிற்பாடு கைகொடுப்பது கடினம். எந்தச் சொத்து என்ற கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீல் எழுப்பியதும், சந்தேகத்தின் பலன் ஆணையை மீறியவருக்குப் போய்விடும். ஆணையின் சொற்களுக்கு அப்பால் சென்று அவமதிப்பு நீதிமன்றம் எதையும் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே இடைக்கால மனுவிலேயே சொத்து விவரப் பட்டியலை இணைத்து, கதவு எண், சர்வே எண், பத்திர எண், பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகம், நான்கு எல்லை ஆகியவற்றை எழுத வேண்டும். வங்கி லாக்கர் என்றால் கிளையின் பெயரும் லாக்கர் எண்ணும் வேண்டும். தடை கேட்கும் செயல்களையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: விற்பனை, அடமானம், தானம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், பவர், குத்தகை, சுவாதீனம் மாற்றிக் கொடுத்தல். விற்பனைக்கு மட்டும் தடை வாங்கியிருக்கும் நிலையில் கணவர் தன் தம்பிக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால், "நான் விற்கவில்லையே" என்ற ஒற்றை வாதத்தை உடைப்பதற்கே மாதக்கணக்கில் வாய்தா போகும். ஒப்படைக்கச் சொல்லும் ஆணையாக இருந்தால், எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில், யார் முன்னிலையில் என்பதும் இடம்பெற வேண்டும். கெடு இல்லாத ஆணை எந்த நாளில் மீறப்பட்டது என்று காட்டவே முடியாது.

அடுத்தது, ஆணை எதிர்த்தரப்புக்குத் தெரியும் என்பதற்கான சான்று. வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபிக்க, அவருக்கு ஆணை தெரியும் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்காமலே பெற்ற தடையாணை என்றால், மனு, பிரமாண வாக்குமூலம், ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பியதாக அன்றோ மறுநாளோ பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளை 3-ஆம் விதி சொல்கிறது. இதைச் சடங்காகக் கருதி விட்டுவிடுகிறவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். தபாலோடு நிற்காமல், சான்றிட்ட நகலுக்கு அன்றே நகல் மனு போட்டுவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீலிடம் கையொப்பம் பெற்று ஒரு நகலைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். சார்பதிவாளருக்கும் வங்கிக் கிளை மேலாளருக்கும் ஒப்புகை அட்டையுடன் கடிதம் எழுதுங்கள். வங்கி மேலாளர் ஆணையைக் கையில் வைத்திருக்கும்போது லாக்கரைத் திறக்க எளிதில் அனுமதிக்க மாட்டார் என்பது நடைமுறையில் எந்தத் தண்டனையையும்விடப் பெரிய பாதுகாப்பு.

மீறலைக் காகிதத்தில் பிடிப்பது

சொத்து கைமாறியதாகக் காதில் விழுந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பது. அதில் ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், எழுதிய தேதி, பதிவான தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். ஆணை பிறந்த தேதியையும், எதிர்த்தரப்பு அதைப் பெற்றுக்கொண்ட தேதியையும், பத்திரம் எழுதிய தேதியையும், பதிவு தேதியையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பத்திரத்தின் தேதி ஆணைக்கு முந்தையதாகவும் பதிவு பிந்தையதாகவும் இருந்தால், முன்தேதியிட்டு எழுதினார்களா என்ற கேள்வி எழும். முத்திரைத்தாள் வாங்கிய தேதியும், பணம் கைமாறியதற்கான வங்கிக் கணக்கு விவரமும் அங்கே முக்கியமாகும். அந்த ஆவணத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி, ஒலிப்பதிவு, புகைப்படம் போன்றவற்றைச் சான்றாகக் கொடுப்பதானால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

எந்த வழியில் போவது

இடைக்காலத் தடையாணை மீறப்பட்டு, மூல வழக்கும் நிலுவையில் இருந்தால், ஆணை பிறப்பித்த குடும்ப நீதிமன்றத்திலேயே 39-ஆம் கட்டளை 2-ஏ விதியின் கீழ் மனு செய்வதுதான் நேரான வழி. அந்த விதியின்படி மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். மூன்று மாதங்கள் வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம். ஜப்தி ஓராண்டு வரை நீடிக்கும், அதன் பிறகும் மீறல் தொடர்ந்தால் அந்தச் சொத்தை விற்றுப் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு வழங்கலாம். உயர் நீதிமன்றத்துக்கு நேராக ஓடுவதைவிட இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வழக்கின் கட்டு, சாட்சி, நீதிபதி எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த விதி தடையாணைக்கு உரியது. பணம் கட்டுவதாகக் கொடுத்த வாக்கை மீறியதற்கு இதைப் பயன்படுத்த முடியாது என்றும், இது தண்டிக்கும் தன்மையுடையதால் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டும் என்றும் இந்திய உணவுக் கழகம் தொடர்பான 2009-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மூல வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால் 2-ஏ விதிக்கு இடமில்லை. நிரந்தரத் தடையாணைத் தீர்ப்பை மீறினால் 21-ஆம் கட்டளை 32-ஆம் விதியின் கீழ் நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பை அமல்படுத்தக் கோரும் மனு, போட வேண்டும். ஜீவனாம்சப் பாக்கியும் அப்படித்தான். அதைப் பணத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்று 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பளத்தை ஜப்தி செய்யும்போது ஜீவனாம்சத் தீர்ப்பாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே விலக்கு உண்டு என்பதால், மாதச் சம்பளக்காரரிடம் இந்த வழி அவமதிப்பு மனுவைவிட வேகமாகப் பலன் தரக்கூடியது. அதே தீர்ப்பு, இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. அதில் மறைத்த சொத்து பிறகு வெளிப்பட்டால், பொய்ப் பிரமாணத்துக்காக இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சட்டத்தின் 379-ஆம் பிரிவின் கீழ் தனி நடவடிக்கை கோரலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின் கீழ், சொத்துகளைக் கைமாற்றவும் லாக்கரையும் வங்கிக் கணக்கையும் இயக்கவும் தடைவிதித்து நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பித்திருந்தால், அதை மீறுவது 31-ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சீதனத்தைக் காப்பாற்ற விரும்பும் மனைவிக்கு இந்த ஆணை மிகவும் வலுவானது. அப்படியிருந்தும் பலர் இதைக் கேட்பதே இல்லை.

இவற்றுக்கு அப்பால்தான் 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் வருகிறது. தீர்ப்பையோ ஆணையையோ வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே முறிப்பதும் அதன் 2(பி) பிரிவின்படி உரிமையியல் அவமதிப்பு. கீழமை நீதிமன்ற ஆணைகள் அவமதிக்கப்பட்டால் தண்டிக்கும் அதிகாரம் 10-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. எனவே மனுவைச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்ய வேண்டும். வேறு நிவாரணம் கைவசம் இருக்கும்போது அதை ஏன் நாடவில்லை என்று அங்கே கேட்கப்படும். அதற்கான விடை மனுவிலேயே இருக்க வேண்டும்.

சமரசத்தில் கொடுத்த வாக்கு

பரஸ்பர சம்மத விவாகரத்தில்தான் அவமதிப்புச் சட்டம் உண்மையில் அதிகம் பயன்படுகிறது. வழுக்கிவிழும் இடமும் அதுதான். முதல் மனுவின்போது மனைவி தன் வழக்குகளைத் திரும்பப் பெறுகிறார். கணவர் ஃபிளாட்டில் தன் பங்கை ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பதாகச் சமரசப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். பிறகு எழுதிக் கொடுப்பதில்லை. அவர் மனைவிக்குக் கொடுத்தது வெறும் ஒப்பந்த வாக்கா, நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சம்மதத்தின்பேரில் பிறந்த ஆணை என்பதாலேயே அதில் உறுதிமொழி அடங்கியிருப்பதாகக் கொள்ள முடியாது என்று 1979-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மறுபுறம், உறுதிமொழி தெளிவாகப் பதிவாகியிருந்தால், அந்த ஆணையை நிறைவேற்று மனு மூலம் அமல்படுத்த முடியும் என்பது அவமதிப்பு நடவடிக்கைக்குத் தடையாகாது என்று ஒரு குடும்ப நிறுவனத் தகராறில் 2006-இல் அதே நீதிமன்றம் சொன்னது. எனவே, கணவரோ மனைவியோ இன்ன சொத்தை இன்ன தேதிக்குள் பதிவு செய்து தருவதாக நீதிமன்றத்துக்கு உறுதியளிக்கிறார் என்று தனிப் பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள். அந்த உறுதிமொழியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, மீறினால் வரும் விளைவு உறுதியளித்தவருக்கு விளக்கப்பட்டது என்ற இரண்டு வரிகள் ஆணையில் இடம்பெறும்படி வக்கீலை நீதிபதியிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிகளுக்காக ஒரு வாய்தா தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை.

மனுவும் அதன் முடிவும்

அவமதிப்பு மனுவுக்குக் காலவரம்பு கடுமையானது. மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால் நடவடிக்கை தொடங்க முடியாது என்கிறது 20-ஆம் பிரிவு. அந்த ஓராண்டுக்குள் மனுத் தாக்கல் செய்துவிட்டால் போதும். "மீறல் இன்னும் தொடர்கிறது" என்ற வாதத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். பத்திரம் எழுதுவது ஒரே நாளில் முடிந்துபோகிற செயல்.

மனு செய்யும் முன், ஆணையைச் சுட்டிக்காட்டி ஏழோ பத்தோ நாள் கெடு கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது நல்லது. அதற்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும், தெரியாமல் நடந்துவிட்டது என்ற சாக்கு அதோடு அடைபடும். மனுவில் திருமண வாழ்க்கையின் கசப்புகளை எழுதாதீர்கள். மாமியார் சொன்னதும் நாத்தனார் செய்ததும் மூல வழக்குக்கு உரியவை. ஆணையின் வாசகம், அது தெரிவிக்கப்பட்ட விதம், மீறிய செயல், அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதற்கான காரணம், இவ்வளவு போதும். வேலை போனதால் பணம் கட்ட முடியாதவரும், கையில் பணத்தை வைத்துக்கொண்டே கட்டாதவரும் ஒன்றல்லர். முன்னவர் தண்டிக்கப்பட மாட்டார், தண்டிக்கப்படவும் கூடாது.

கோரிக்கைப் பகுதியில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். சிறை ஆறு மாதத்துக்கு மேல் போகாது, அபராதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. உரிமையியல் அவமதிப்பில் முதலில் அபராதத்தையே நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கு நிறைவளிக்கும்படி மன்னிப்புக் கேட்டால் விடுவிக்கவும் செய்யலாம். தண்டனையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், எதிர்த்தரப்பு மன்னிப்புக் கேட்டுத் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வீடு இல்லாமல் திரும்ப நேரும். அவமதிப்பின் மூலம் அடைந்த பலனை அவமதித்தவர் அனுபவிக்க விடாமல் பழைய நிலையை மீட்டுத் தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று டெல்லி வளர்ச்சி ஆணையம் – ஸ்கிப்பர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ஆகவே மீறி எழுதிய பத்திரம் செல்லாது என்று அறிவிக்க வேண்டும், சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும், எடுத்த தொகையை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சொத்தை வாங்கியவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் அவர் பத்திரத்தைத் தொட மாட்டார்கள். அந்தச் சொத்தே நேரடியாகத் தகராறில் இருக்கும் வழக்கு நிலுவையில் இருக்கையில் வாங்கியவருக்கு, தெரியாமல் வாங்கினேன் என்ற வாதமும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முன் நிற்காது.

ஆணையே தவறு என்று கருதுபவருக்கும் ஒரு சொல். தவறான ஆணை என்றாலும் ரத்தாகும்வரை அது கட்டுப்படுத்தும். 39-ஆம் கட்டளை 4-ஆம் விதியின் கீழ் அதை மாற்றவோ நீக்கவோ மனு செய்யுங்கள். மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டதாலேயே தடை கிடைத்துவிட்டதாக எண்ணாதீர்கள். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவமதிப்புக்காகத் தண்டித்தால் 30 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் அமர்வு முன் முறையிடலாம்.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாத பெண்கள், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் செல்லலாம். பத்திரம் செல்லாது என்று ஆணை கிடைத்ததும், அதன் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறும்வரை எதிர்த்தரப்பு கேட்டுக்கொண்டதற்காக எந்த மனுவையும் வாபஸ் பெறாதீர்கள்.