நிலத்தின் மேல் வழக்கு இருக்கிறதா? இணையத்தில் தேடும் முறை, நான் கோட்டை விட்ட இடத்தோடு சேர்த்து

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் மாமா, போன வருடம் சூளகிரிப் பக்கம் 40 சென்ட் நிலம் பேசினார். "நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே கிடக்கிறியே மாப்ள, வில்லங்கம் கில்லங்கம் இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். பட்டா சரி. வில்லங்கச் சான்று சுத்தம். கோர்ட் தளத்தில் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. "தைரியமா குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். 50,000 ரூபாய் அட்வான்ஸ் கைமாறிய இரண்டாவது வாரம், அந்த ஊர் டீக்கடையில் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "அந்த நெலமா? அது மேல தங்கச்சிக்காரி கேஸ் போட்டிருக்காளே."

வழக்கு இருந்தது. அதே தளத்திலேயே இருந்தது. நான் தேடிய விதம்தான் தப்பு. அட்வான்ஸைத் திரும்ப வாங்க நாலு மாதம் அலைந்தோம். அந்த நாலு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. பட்டா பார்ப்பது எப்படி என்று யூடியூபில் வேண்டிய அளவு வீடியோ இருப்பதால் அதை வேகமாகக் கடந்து, கோர்ட் தேடலில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

படி 1: முதலில் காகிதம்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் விற்பவரிடம் மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வாங்குங்கள். ஒரு நோட்டில் சர்வே எண், உட்பிரிவு எண், பழைய சர்வே எண், பத்திர எண்ணும் வருடமும், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று எழுதுங்கள். அப்புறம் பெயர்கள். விற்பவர் பெயர் மட்டும் போதாது. அவருடைய அப்பா, அண்ணன் தம்பி, முக்கியமாக அக்கா தங்கைகள், எல்லோருடைய பெயரும் வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் படி 3 நகராது.

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பத்திரங்களில் ஒரு குழப்பம் உண்டு. தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். அதனால் தாத்தா காலத்துப் பத்திரத்தில் 'சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா' என்றும், அப்பா காலத்தில் 'தர்மபுரி மாவட்டம்' என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான், பயப்பட வேண்டாம்.

படி 2: பட்டா, வில்லங்கம்

தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு), புலப்பட வரைபடம் நான்கையும் இறக்கிக்கொள்ளுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது. உட்பிரிவு ஆவதற்கு முன் இருந்த எண்ணையும் போட்டுத் தேடுங்கள். 142/2பி என்பது ஒரு காலத்தில் வெறும் 142/2 ஆக இருந்திருக்கும். அந்தக் காலத்து அடமானம் பழைய எண்ணில்தான் கிடைக்கும்.

இரண்டு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். பட்டா பெயர் மாற்றம் உரிமையைத் தராது என்று சுவர்ணி எதிர் இந்தர் கவுர் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. விற்பவரின் தங்கை போட்ட பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் அதில் தெரியாது. எங்களுடையதில் தெரியவில்லை.

படி 3: கோர்ட் தேடல் (இங்கேதான் வழுக்கியது)

இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலை என்ற பகுதிக்குப் போய், தமிழ்நாடு, மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளாகம் மாறினால் முடிவும் மாறும். சூளகிரி நிலத்துக்கு ஓசூரையும் பார்க்க வேண்டும், கிருஷ்ணகிரியையும் பார்க்க வேண்டும். பெரிய மதிப்புள்ள வழக்கு மாவட்டத் தலைநகர நீதிமன்றத்தில் இருக்கலாம். அந்தப் பக்கம் அரூர் நிலம் என்றால் அரூர், தர்மபுரி இரண்டும்.

தரப்பினர் பெயரில் தேடும்போது வழக்கு பதிவான வருடத்தையும் கேட்கும். ஒரு தடவைக்கு ஒரு வருடம்தான். 12 வருடம் பார்க்க 12 தடவை, ஒவ்வொன்றுக்கும் புதிய கேப்சா. சலிப்பு வரும். நான் முதல் முறை மூன்று வருடத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதுவும் 'நிலுவை' என்பதை மட்டும் டிக் செய்திருந்தேன். முடிந்த வழக்கையும் பார்க்க வேண்டும். கீழ்க்கோர்ட்டில் முடிந்தது மேல்முறையீட்டில் உயிரோடு இருக்கலாம்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது இதெல்லாம் இல்லை, எழுத்து. விற்பவர் பெயர் பட்டாவில் 'முனுசாமி' (பெயரை மாற்றியிருக்கிறேன்). ஆங்கிலத்தில் நான் எப்படி எழுதுவேனோ அப்படி அடித்தேன். கோர்ட்டில் அதைப் பதிந்தவர், என்னுக்கு அடுத்து யு போடாமல் ஐ போட்டு, எஸ்ஸுக்கு அடுத்து ஒரு டபிள்யூவும் சேர்த்திருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாதியின் மனுவில் எப்படி இருந்ததோ அப்படித்தானே பதிவார்? ஒரே மனிதர் பட்டாவில் ஒருவர், ஆதாரில் ஒருவர், வழக்கில் ஒருவர்.

அதனால் முழுப் பெயரை அடிக்காதீர்கள். குறைந்தது மூன்று எழுத்து கேட்கும். அந்த மூன்றோடு நிறுத்துங்கள். முனுசாமிக்கு எம், யு, என். அவ்வளவுதான். அந்த வருடத்து முனுசாமி, முனிசாமி, முனியப்பன், முனிராஜ் எல்லோரும் வந்து வரிசையில் நிற்பார்கள். ஓ.எஸ். என்று தொடங்கும் உரிமையியல் வழக்குகளை மட்டும் கண்ணால் வடிகட்டுங்கள். பெண்கள் பெயருக்கு இன்னும் கவனம் வேண்டும். லட்சுமிக்கு முதல் இரண்டு எழுத்து எல், ஏ. மூன்றாவது எழுத்து கே-யாக இருக்கலாம், எக்ஸாக இருக்கலாம், டி-யாகவும் இருக்கலாம். மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். இனிஷியல் போடவே வேண்டாம். அண்ணனுக்கு அப்பா இனிஷியல், கட்டிக்கொடுத்த தங்கைக்குக் கணவர் இனிஷியல். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து கிடப்பதால் ஒருவரே ஒரு பத்திரத்தில் முனியப்பன், இன்னொன்றில் முனியப்பா. முன்பாதியை வைத்துத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

இப்படித் தேடியபோது ஐந்தாவது வருடத்தில் அகப்பட்டது. அதைச் சொடுக்கினால் 16 எழுத்தும் எண்ணுமான சி.என்.ஆர். எண் (அந்த வழக்குக்கே உரிய தனி எண்) கிடைக்கும். அதை நோட்டில் எழுதிவிட்டால் பிறகு பெயர்ச் சண்டை கிடையாது. அதைப் போட்டாலே அடுத்த வாய்தா, இடைக்கால மனுக்கள் எல்லாம் வரும். கைப்பேசிச் செயலியில் சேமித்தும் வைக்கலாம்.

"கேஸ் இருந்தா என்ன மாப்ள, பட்டா அவன் பேர்லதான இருக்கு?" என்று மாமா கேட்டார். சொத்து மாற்றச் சட்டம் 1882, பிரிவு 52-ஐத்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், வாங்கியவரும் அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே எடுபடாது.

படி 4: தீர்ப்பைப் படிப்பது

தங்கைக்கு உண்மையிலேயே பங்கு உண்டா என்று தெரிய சட்டமும் தீர்ப்பும் வேண்டும். சட்டத்துக்கு இந்தியா கோட் தளம். தீர்ப்புக்கு நான் இந்தியன் கானூன் பக்கம். 2008 முதல் இலவசமாக நடக்கிறது, கட்டணத் தளங்கள் வக்கீல்களுக்கு இருக்கட்டும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் குப்பை பாதி குறையும். ஒரு தீர்ப்பைப் பிடித்ததும், அதைப் பின்னால் எந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்ற பட்டியலையும் பாருங்கள். அது இன்னும் செல்லுபடியாகிறதா என்பதற்கு முதல் துப்பு அங்கேதான்.

எங்கள் விஷயத்தில் சங்கிலி இப்படிப் போனது. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அதில் இடமில்லை. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு கிடையாது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது. எங்கள் முனுசாமி குடும்பத்தில் அப்படி ஒரு பத்திரமே இல்லை. தங்கைக்குப் பிடி இருந்தது.

பவர் பத்திரத்தை மட்டும் காட்டி 'இதுவே கிரயம் மாதிரிதான்' என்று யாராவது சொன்னால், 2011-ல் வந்த சூரஜ் லேம்ப் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். அது கிரயம் இல்லை.

சாட்பாட்டிடம் தீர்ப்பு கேட்கலாமா? விளக்கம் கேளுங்கள், வழக்கு எண் கேட்காதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அது தரும் ஒவ்வொரு பெயரையும் இந்தியன் கானூனில் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் நம்பாதீர்கள்.

படி 5: மண்ணைப் பார்ப்பது, மனையைப் பார்ப்பது

கூகுள் எர்த் ப்ரோவைக் கம்ப்யூட்டரில் இறக்குங்கள், இலவசம். அதில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக நகர்த்திப் பார்க்கலாம். புரோக்கர் உங்களைக் கோடையில்தான் கூட்டிப்போவார். மழைக்காலப் படத்தில் அதே இடத்தில் தண்ணீர் மினுங்கினால் அ-பதிவேட்டை இன்னொரு முறை படியுங்கள், ஏரி, ஓடை என்று ஏதாவது இருக்கிறதா என்று.

ஓசூரைச் சுற்றி லேஅவுட் மனை வாங்குபவர்கள் ரெரா (வீடு, மனைத் திட்டங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையம்) தளத்தையும் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்குப் பதிவு அவசியம். விளம்பர நோட்டீஸில் பதிவு எண் இருந்தால், அதே எண் தளத்தில் அதே சர்வே எண்ணுக்குத்தான் வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

படி 6: சேமிப்பது

ஸ்கிரீன்ஷாட் எனக்குப் பிடிக்காது. பாதி வெட்டுப்படும், தேதி தெரியாது. பிரவுசரில் அச்சிடு கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள்; தள முகவரியும் தேதியும் ஓரத்தில் வரும்படி வைத்துக்கொள்ளலாம். வக்கீலிடம் காட்ட இது போதும். கோர்ட்டில் சாட்சியமாகப் போட வேண்டுமானால் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்றிதழும் சேர்க்க வேண்டும். பழைய கட்டுரைகளில் 65பி என்று இருக்கும். 2024 ஜூலை 1-லிருந்து எண் மாறிவிட்டது.

பின்சேர்க்கை 1: சூளகிரியிலிருந்து ஒரு வாசகர், பத்திரத்தில் ஓசூர் வட்டம் என்று இருக்கிறது, பட்டா தளத்தில் ஓசூருக்குக் கீழே ஊரே வரவில்லை என்று எழுதியிருந்தார். சூளகிரி இப்போது தனி வட்டம். அஞ்செட்டி, பர்கூர், நல்லம்பள்ளி, காரிமங்கலம் ஊர்க்காரர்களும் இதே போலப் புதிய வட்டத்தில் தேடுங்கள்.

பின்சேர்க்கை 2: உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸில் தனித் தளம் இருக்கிறது, மாவட்டத் தேடலில் அவை வராது. அதில் சென்னை, மதுரை என்று அமர்வு கேட்கும். பாலக்கோட்டு நண்பர் ஒருவர் மதுரையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு வாரம் 'வழக்கே இல்லை' என்று நிம்மதியாக இருந்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சென்னை முதன்மை அமர்வின் கீழ் வருபவை. அவர் தேடிய இரண்டாம் மேல்முறையீடு அங்கே நிலுவையில் இருந்தது.