கிக்கரில் கால் வைக்க முதல்

பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் ஒரு கனவு பைக் இருக்கும். எனக்கு 1959இல் வந்த ட்ரையம்ப் பொனவில். என் சிநேகிதன் ஒருவனுக்கு நோர்ட்டன் கமாண்டோ. இன்னொருவன் வின்சென்ற் பிளாக் ஷடோவின் படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு திரிகிறான், அதைச் செய்வதை 1955இலேயே நிறுத்திவிட்டார்கள். சரி, கனவுக்குக் காசு இல்லைத்தானே. ஆனால் யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே காசை எண்ணிக் கொடுத்து ஒரு பழைய பைக்கை வாங்கப் போகும்போது நாங்கள் விடுகிற பிழைகளில் முக்கால்வாசி அவசரத்தால் வருகிறவை. நான் விட்ட பிழைகளையே சொல்கிறேன்.

கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் பி.எஸ்.ஏ. பான்டம் நிற்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில், உரப்பையால் மூடி, முன் ரயர் பாதி மண்ணுக்குள் புதைந்தபடி நின்றது. பான்டம் பிறந்த கதை தெரிந்தவர்களுக்கு அதைக் கண்டதும் நெஞ்சு அடிக்கும். ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125இன் வரைபடங்கள் போர் இழப்பீடாக இங்கிலாந்துக்குக் கிடைக்க, அதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாற்றி 1948இல் இறக்கின 125 சீசீ பைக் அது. "ஒரு உதை போதும் தம்பி" என்றார் வீட்டுக்காரர். நானும் ஏறி உதைத்தேன். இறுகி நின்றது. இன்னும் பலமாக உதைத்தேன், உள்ளே "கிளக்" என்று ஒரு சத்தம், அதோடு கிக்கர் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. பல்லுப் போய்விட்டது. பார்க்கப் போனவன் அந்த வெட்கத்திலேயே முற்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை உதைக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையால் கொஞ்சம் ஒயில் விட்டு, இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். பிறகு மேல் கியரில் போட்டுப் பின் சில்லைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். இளகும்போது கைக்கே தெரியும். பொனவில், பழைய நோர்ட்டன் போன்ற நாலு ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்னொரு பொறி இருக்கிறது: அவற்றின் ஒயில் தனி ராங்கில் நிற்கும், கனகாலம் ஓடாமல் விட்டால் பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சினின் அடிக்கு இறங்கிவிடும். அது தெரியாமல் "ராங்கில் ஒயில் குறைஞ்சு போச்சு" என்று மேலால் நிரப்பி உதைத்தால், சீலைத் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வரும். முதலில் அடியில் இருப்பதை வடிக்க வேண்டும்.

முற்பணம் என்றேன் அல்லவா, அதுதான் அடுத்த பிழை. "அண்ணை, புக் இருக்கோ?" என்று, பைக்கின் பதிவுப் புத்தகத்தைப் பற்றி, காசு கொடுத்த பிறகுதான் கேட்டேன். "புக் எல்லாம் தொண்ணூற்றஞ்சு இடம்பெயர்வோட போட்டுது தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, 1995 ஒக்டோபர் கடைசியில் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது பைக் புத்தகத்தை யார் நினைத்தது. ஆனால் பதிவில் பெயர் இருந்தவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் மூன்று நாட்டில். கையெழுத்துக்காக ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். இதைவிட மோசமானது, வேறு ஏதோ பைக்கின் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதற்கேற்ப இலக்கம் அடித்து விற்பது. நம்பர் பிளேட்டைப் பார்த்து, அந்தக் காலத்து ஆங்கில எழுத்து நம்பர், ஸ்ரீ நம்பர் என்று வாய் பிளக்காமல், எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சுற்றிவர அராவின தடம் இருந்தால், அல்லது அந்த இடத்தில் மட்டும் பெயின்ற் தடிப்பாக இருந்தால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் ஊர் பைக்குகளுக்கென்று தனியாக ஒரு வருத்தமும் உண்டு. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடினவை அவை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கரியாகப் படியும், எஞ்சின் ஒயிலுக்குள்ளும் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு ஹொண்டா எம்.டி. 90இன் ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் அடிப்பிடித்த சோற்றுப் பானை மாதிரிக் கரி. வெளியே பார்த்தால் மினுங்குகிற சிவப்பு பைக். அதனால் "நல்லா ஓடுது" என்ற சொல்லை நம்பாமல் கொம்பிரஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது உள்ளே வரும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள்.

மினுக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாங்கின கையோடு பெயின்ற் அடிக்கக் கொடுக்காதீர்கள். ராங்கில் இருக்கிற பழைய எழுத்தும் கோடும் ஒருமுறை உரஞ்சுப்பட்டால் போனதுதான். கழற்ற முதல் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், கறள் பிடித்த போல்ற்றைக்கூட எறியாமல் ரின்னில் போட்டு வையுங்கள். பழைய இங்கிலாந்து பைக்குகளின் நட்டுகள் பெரும்பாலும் விட்வேர்த் என்ற தனி அளவு. 13 ஸ்பனர் கிட்டத்தட்டப் பொருந்தும், அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையை வழித்தெடுக்கும். பற்றறியிலும் கவனம்: அவற்றில் பலவற்றில் பிளஸ் பக்கம்தான் சேசிஸில் பூட்டியிருக்கும். வழக்கம்போல மைனஸைப் பூட்டினால் புகை வரும். கழுவினால் உடனே துடையுங்கள், எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் குரோமில் வெள்ளை வெள்ளையாகக் காயும்.

அப்புறம், பொனவில்லுக்காகவே காத்திருந்து ஒன்றையும் ஓடாமல் இருப்பதும் பிழைதான் என்பது என் கட்சி. எம்.டி. 90 ஜப்பானில் தபால்காரர் ஓடின பைக், 1958இல் வந்த சூப்பர் கப்பின் குடும்பம். அதையும் ஹொண்டாவின் குட்டி பைக்கான சாலியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற பாஸ்மார், அதாவது மெக்கானிக்மார், இங்கே இருக்கிறார்கள். பொனவில்லின் ஒரு வாஷருக்கு நீங்கள் கடல் தாண்டிக் காத்திருக்க வேண்டும்.

பான்டத்தைக் கடைசியில் ஓட்டினேன். கண்ணாடி மாதிரித் திருப்பிச் செய்த பைக் என்றேன் அல்லவா, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதை வாசித்திருந்தேன், காலுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். கோண்டாவில் பக்கம் ஒரு ஒழுங்கையில் ஆடு குறுக்கே ஓட, வலது காலை ஓங்கி அழுத்தினேன். கியர்தான் மாறியது. கிடுகு வேலிக்குள் போய் நின்றேன். வெளியே வந்த அம்மா ஆட்டுக்கு ஏதும் பட்டதோ என்றுதான் முதலில் கேட்டார்.